மகளின் நோட்டைப் படித்துப் பயந்துபோன ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை நீங்கள் மூவரும் வந்துவிட்டுப் போனதிலிருந்து அந்த நீல அட்டை நோட்டு என் நினைவிலேயே இருக்கிறது. மகள் தண்ணீர் குடிக்க வெளியே போன இரண்டு நிமிடத்தில் அவசரமாகக் கேட்டீர்கள்: “பதினாறு வயசுப் பிள்ளை எப்பப் பார்த்தாலும் சண்டை, சாவு, அகதி முகாம்னு எழுதிட்டு இருக்காளே மேடம், இவளுக்கு என்ன ஆச்சு?” அவள் அப்பாவின் கேள்வி வேறு: “நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டியாச்சு. இப்ப வந்து பி.ஏ. ஹிஸ்டரிங்கிறா.” இரண்டுக்கும் அன்று நிதானமாகப் பதில் சொல்ல நேரமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். ஊர், பேர் இல்லாமல் எழுதினால் இதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் உதவுமே என்றேன். மகள் சம்மதித்தாள்.

முதலில் ஒரு விஷயம். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் அந்த நோட்டைப் படித்தது அவளுக்குத் தெரியும். கோபமில்லை, கூச்சம்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் எதுவும் எழுதவில்லை. “படிச்சுட்டேன்டா, கேட்காமப் படிச்சது தப்புதான்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். நான் படிப்பு பற்றி வழிசொல்லும் ஆலோசகர், மனநல மருத்துவர் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் பேசிப் பழகியதில் சிலவற்றைக் கட்டாயம் விசாரிப்பேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு பிடித்தது இப்போதும் பிடிக்கிறதா, தோழிகளோடு பேச்சு நின்றுவிட்டதா. உங்கள் மகள் நன்றாகத் தூங்குகிறாள், பிரியாணி என்றால் இரண்டாம் முறை கேட்கிறாள், தோழி வீட்டு மாடியில் ஷட்டில் விளையாடப் போகிறாள். நோட்டில் அவள் அழுத பக்கங்கள் இருக்கின்றன. ஆனால் அழுகை எல்லாம் அடுத்தவருக்காக. தன்னை வெறுத்தோ, தனக்கு நாளை என்று ஒன்று வேண்டாம் என்றோ ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு வரி எந்தப் பிள்ளையின் எழுத்தில் கண்ணில் பட்டாலும், தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலும், ஆலோசகரைத் தேடி அலைய வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். கையோடு மருத்துவரையும் பாருங்கள்.

இனி நோட்டு. அவளே என் கையில் கொடுத்ததால் ஒரு வரி விடாமல் படித்தேன். முதல் பத்துப் பக்கத்தில் அவள் எந்தக் கதையைப் படித்து எழுதினாலும் ஒரே முடிவு: “மனசு கனத்துப் போச்சு.” பிரிவினைக் கதைக்கும் அதுதான், வன்னிக் கதைக்கும் அதுதான். அதில் தவறில்லை, எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். பதினோராம் பக்கத்தில் ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகி வருகிறாள். அங்கேதான் உங்கள் மகள் மாறுகிறாள்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது சடாகோவுக்கு இரண்டு வயது. உடம்பில் காயம் எதுவும் இல்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயம் ஓடுகிற பிள்ளையாக வளர்ந்தாள். 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று ஹிரோஷிமாவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோயாளிகளுக்கு ஆறுதலாக நாகோயாவிலிருந்து காகிதக் கொக்குகள் வந்தன. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்கே நம்பிக்கை. மருந்து சுற்றி வந்த தாளில்கூட மடித்தாள். அக்டோபர் 25 அன்று, 12 வயதில் இறந்துபோனாள்.

உலகம் முழுக்கப் பிள்ளைகள் படிக்கும் வடிவத்தில் சடாகோ 644 கொக்கோடு நின்றுவிடுகிறாள், மீதி 356-ஐத் தோழிகள் மடித்து அவளோடு புதைக்கிறார்கள். மகளும் அதைத்தான் படித்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். ஆனால் மூன்று பக்கம் தள்ளி வேறு மையில் ஒரு குறிப்பு. சடாகோவின் அண்ணன் சொல்வதும், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகம் சொல்வதும் வேறாம். அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாளாம். அதன் கீழே உங்கள் மகள் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “அப்போ ஆயிரம் முடித்தும் பிழைக்கவில்லை. இது 644-ஐ விடப் பெரிய சோகம். அப்புறம் ஏன் குறைத்துச் சொன்னார்கள்? நமக்குத் தாங்காது என்றா?”

அம்மா, இந்த நான்கு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். கதையைப் படித்து அழுதவள், மனம் ஆறியதும் அது உண்மையா என்று தேடிப் போயிருக்கிறாள். உண்மை வேறு என்று தெரிந்தபோது “பொய் சொல்லிவிட்டார்கள்” என்று கோபித்துக்கொண்டு விட்டுவிடவில்லை. ஏன் மாற்றினார்கள், யாருக்காக மாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறாள். வரலாற்று மாணவர்களை ஆசிரியர்கள் வருடக்கணக்கில் பழக்குவது இந்தக் கேள்வியைக் கேட்கத்தான். இவள் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு தானாக வந்து சேர்ந்திருக்கிறாள்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. அவர்கள் எழுதியதில் கேள்விக்குறி போட்ட வரிகளை மட்டும் தனியே குறித்துக்கொள்வேன். “எனக்கு இரக்க குணம் அதிகம், அதனால் சமூகப் பணி படிக்கிறேன்” என்று வரும் பிள்ளைகளிடமும் இதையேதான் செய்கிறேன். இரக்கம் இல்லாமல் எந்த வேலையும் வேண்டாம், ஆனால் எந்த வேலை என்பதை இரக்கம் மட்டும் சொல்லாது. அடுத்தவர் துயரத்தைப் பார்த்ததும் மனம் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதுதான் சொல்லும்.

ஜெனீவா வியாபாரி ஆன்றி துனானை எடுத்துக்கொள்ளுங்கள். 1859 ஜூனில் தன் தொழில் விஷயமாக பிரெஞ்சுப் பேரரசரைப் பார்க்க வடக்கு இத்தாலிக்குப் போனார். அங்கே சோல்பெரினோவில் நடந்த போரில் ஒரே நாளில் சுமார் 40,000 பேர் செத்தும் காயம்பட்டும் கிடந்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்களைத் திரட்டினார், சட்டை, எலுமிச்சை, சர்க்கரை, கட்டுத்துணி வாங்கிவர ஆளனுப்பினார், எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் தண்ணீர் கொடுக்க வைத்தார். ஊர் திரும்பியும் மனம் ஆறவில்லை. 1862-ல் தான் பார்த்ததைச் சிறு நூலாகத் தன் செலவில் அச்சிட்டார். அதன் கடைசியில் ஒரு கேள்வி வைத்தார்: போரில் காயம்பட்டவர்களுக்கு உதவ, போர் இல்லாத காலத்திலேயே பழகிய தொண்டர் சங்கம் ஒவ்வொரு நாட்டிலும் ஏன் இருக்கக்கூடாது? மறு வருடம் செஞ்சிலுவைக் குழு பிறந்தது. 1864-ல் 12 நாடுகள் முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சடாகோ படுத்திருந்த மருத்துவமனையின் பெயரில் இருப்பதும் அந்தச் சிலுவைதான். இதை உங்கள் மகளிடம் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவள் நோட்டில் 23 கேள்விகள். “வீட்டுப் பத்திரம் எரிந்துபோனவர்கள் அது தங்கள் வீடுதான் என்று எப்படி நிரூபிப்பார்கள்?” என்பது சட்டம். “அந்தத் தம்பி அதற்குப் பிறகு பேசவே இல்லை என்று கதை முடிகிறது. அவனை யாராவது பேச வைத்தார்களா?” என்பது உளவியல். “முகாமில் பெண்கள் ராத்திரி கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள்?” என்பதைப் பார்த்து அவள் அப்பாவே நிமிர்ந்து உட்கார்ந்தார், ஞாபகம் இருக்கிறதா? அது சிவில் இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் 23-ல் 14 கேள்விகள் கொக்குக் கேள்வி மாதிரி: யார் சொன்னது, எப்போது சொன்னது, ஏன் இப்படிச் சொன்னது. மருத்துவம் சார்ந்தது இரண்டே இரண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பை 1971-ல் பிரான்ஸில் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்துதான் தொடங்கினார்கள், டாக்டராகியும் போர்முனைக்குப் போகலாம் என்று அவளிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கண்ணில் வெளிச்சம் வரவில்லை.

ஆகவே வரலாறு என்று அவள் சொல்வது நேற்றுப் படித்த கதையின் வேகம் இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் இன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். அவள் பிளஸ் ஒன்னில் இருப்பது பயோ-மேத்ஸ். அங்கிருந்து வரலாறு, சட்டம், உளவியல், சமூகப் பணி எதற்கும் போகலாம். குரூப்பை மாற்றினால் திரும்ப அறிவியலுக்கு வழியில்லை. அதனால் அதே குரூப்பில் பிளஸ் டூவை முடிக்கட்டும். நீட் கோச்சிங் பற்றி உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். கட்டிய பணத்துக்காக ஒரு பிள்ளையை இரண்டு வருடம் உட்கார வைக்காதீர்கள். இந்தப் பருவம் முடியட்டும், பிறகு அவளையே முடிவெடுக்க விடுங்கள்.

வரலாற்றுக்குச் சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்துவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ் எல்லாம் பழைய, நல்ல துறைகள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. டெல்லிப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சட்டத்தின் பக்கம் சாய்ந்தால் பெருங்குடியில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளிக்குப் பிளஸ் டூ மதிப்பெண், திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வில் நீளமான பத்திகளைப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், இவளுக்கு அது சுமையாக இருக்காது. சமூகப் பணி என்றால் 1952-ல் தொடங்கி, இப்போது எழும்பூரில் நடக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். உளவியல் என்றால் ஒரு எச்சரிக்கை: தொலைதூரக் கல்வியில் உளவியல் படிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 முதல் நிறுத்திவிட்டது. நேரடி வகுப்புள்ள கல்லூரிதான் வேண்டும். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

“பி.ஏ. படிச்சா சோறு போடுமா” என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பி.ஏ.வோடு நின்றால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். எம்.ஏ., பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு. எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் தகுதித் தேர்வு என்றால் கல்லூரி ஆசிரியர். ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பத்திரிகை, பதிப்பகம் இவற்றில் இடங்கள் குறைவு, ஆனால் ஒழுங்காகப் பயின்றவர்களும் குறைவு. குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அதில் கட்டுரைக்கு 250 மதிப்பெண், 2013 முதல் அறநெறித் தாளுக்கும் 250. இந்த நோட்டை எழுதியவளுக்கு அந்த இரண்டு தாளும் அந்நியமாக இருக்காது. ஐந்து வருடப் படிப்புக்கான செலவை மனதில் வைத்துக்கொண்டு, முதல் சம்பளம் இன்ஜினியரைவிடக் குறைவாகவே இருக்கும் என்றும் எண்ணிக்கொண்டு முடிவெடுங்கள்.

எழுத்தைப் பற்றி அவளிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். சில தனியார் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கே சொந்தக் கட்டுரை கேட்கின்றன, நேர்முகமும் உண்டு. அங்கே “மனசு கனத்துப் போச்சு” செல்லாது. பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டை எடுத்து வைத்தேன். ஐந்தே அடி. போன பௌர்ணமியில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்தப் பௌர்ணமியில் குன்றும் இல்லை, அப்பாவும் இல்லை. சோகம் என்று ஒரு சொல் அதில் கிடையாது, நிலவை இரண்டு தடவை காட்டியதோடு சரி. “உன் நோட்டில் மருந்துத் தாள் வருகிற இடம் இந்த மாதிரி இருக்கு” என்றேன். எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தாள்.

கடைசியாக ஒன்று. இதை அவள் என்னிடம் சொன்னாள், உங்களிடம் சொல்லவும் அனுமதித்தாள். நோட்டின் முதல் பக்கத்துத் தேதியைப் பாருங்கள். தாத்தா தவறி ஒரு மாதம் கழித்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கிறது என்று அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஊருக்குப் போய் வந்தீர்கள். அந்த நேரத்தில் எந்த அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் தாத்தா முகத்தை அவள் பார்க்கவில்லை. தேர்வு முடிந்தபோது வீட்டில் எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள், அவள் அழ இடமில்லை. யாரோ எங்கேயோ இழந்ததைப் படித்து அழுவதற்கு அவளைக் குறை சொல்லவே முடியாது.

மே மாதம் பத்து நாள் அவளைப் பாட்டியிடம் கூட்டிப் போங்கள், கோச்சிங் புத்தகம் வேண்டாம். தாத்தாவைப் பற்றிப் பாட்டியிடம் அவளே கேட்கட்டும். பாட்டி சொல்வதைப் போனில் பதிவு செய்வதானால் முன்கூட்டியே சம்மதம் கேட்கச் சொல்லியிருக்கிறேன், பாட்டி அழுதால் போனை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்காரவும் சொல்லியிருக்கிறேன். பெரியப்பா அதே சம்பவத்தை வேறு மாதிரி சொன்னால் சண்டை போடாமல் அதையும் எழுதிக்கொள்ளட்டும். திரும்பி வந்ததும் ஜூன் முதல் வாரத்தில் நோட்டோடு என்னை வந்து பார்க்கட்டும். கேள்விக்குறிகளை மறுபடி எண்ணுவோம். நீங்களும் வாருங்கள், இந்த முறை அவள் வெளியே போகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்