சர்வீஸ் சென்டர் சொல்லும் வேலையெல்லாம் தேவையா?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். 43,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது 6,800 ரூபாய் ஆகும் என்றார்கள். மதியம் சர்வீஸ் அட்வைசர் போன் செய்து முன்பக்க பிரேக் பேடு, பிரேக் ஆயில், பேட்டரி, லோயர் ஆர்ம் புஷ், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம் என்று ஒரு பட்டியல் வாசித்தார். கூடுதலாக 19,400 ரூபாய். "பிரேக் விஷயம் மேடம், ரிஸ்க் எடுக்காதீங்க, இன்னிக்கே பண்ணிடலாமா?" என்று கேட்டார். ஓட்டும்போது எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, சர்வீஸை மட்டும் முடித்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன். இதில் எது உண்மையிலேயே தேவை?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அவசரப்பட்டுத் தலையாட்டாமல் வந்தது நல்லது. அதற்காக மொத்தப் பட்டியலையும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் ஒன்றை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். மூன்றை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். மீதி மூன்றும் இப்போது தேவையில்லை என்பதே என் கருத்து.

பிரேக் பேடில் இருந்து தொடங்குவோம். புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். அதனால் "பேடு தேஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். வண்டி ஓட ஓட பேடு தேயத்தான் செய்யும். தேய்ந்திருக்கிறது என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 6 மில்லிமீட்டர் என்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். 3 என்றால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். நகருக்குள் ஓடும் வண்டிக்கு 43,000 கிலோமீட்டரில் பேடு முடிந்திருப்பது நடக்கக்கூடியதுதான். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் சக்கரத்தைக் கழற்றி உங்கள் கண் முன்னால் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கட்டாயம் செய்ய வேண்டியது என்று சொன்னேனே, அது பிரேக் ஆயில். பேடைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குவது போன்ற நீண்ட மலைப்பாதையில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடு ஏறி, பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் அது சும்மா உள்ளே போகும், வண்டி நிற்காது. பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. உங்கள் பழைய பில்களைப் பாருங்கள். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். அதிகச் செலவில்லாத வேலைதான் இது.

பேட்டரி வண்டியோடு வந்ததே என்றால், நம் வெயிலுக்கு ஐந்து வருடம் என்பது நல்ல ஆயுள்தான். ஆனாலும் வயதை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். இரவு முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் காலையில் அளந்தால் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்று அர்த்தம். பேட்டரி கடையில் லோடு டெஸ்ட்டும் (அதிகக் கரண்ட் இழுத்து, பேட்டரி தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்து சொல்வார்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பேட்டரியைக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டு வெளியிலேயே வாங்கலாம்.

லோயர் ஆர்ம் புஷ் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர். அது கெட்டுப்போனால் பெரும்பாலும் உங்களுக்கே தெரியும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழே 'தட்' என்று சத்தம் வரும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். இவை எதுவும் இல்லை என்றால், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கம்பியால் நெம்பி, ஆட்டம் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ரப்பரின் மேல் லேசான வெடிப்பு தெரிவது மட்டும் மாற்றுவதற்குக் காரணமாகாது.

இன்ஜெக்டர் கிளீனிங் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகத்தைச் சுத்தம் செய்வது), இன்ஜின் ஃப்ளஷ் (ஆயில் மாற்றும் முன் இன்ஜினின் உள்பக்கத்தை ரசாயனத்தால் அலசுவது), ஏசி கிருமிநீக்கம் மூன்றுக்கும் வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். எத்தனை கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கும். இந்த மூன்றும் பொதுவாக அதில் இருப்பதில்லை. வண்டி ஐட்லிங்கில் உதறினால், மைலேஜ் திடீரென்று குறைந்தால் இன்ஜெக்டரைப் பார்க்கலாம். ஆயிலைக் காலத்தில் மாற்றி வருகிற இன்ஜினுக்கு ஃப்ளஷ் வேண்டியதில்லை. ஏசியில் வாடை வந்தால் முதலில் கேபின் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், நீங்களே மாற்றலாம்.

தேவையில்லாததை ஏன் சொல்கிறார்கள் என்றால், பல இடங்களில் சர்வீஸ் அட்வைசருக்கு மாதாமாதம் டார்கெட்டும் இன்சென்டிவ்வும் உண்டு. 1992ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அதிகாரிகள், சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் மையங்களுக்கு வாடிக்கையாளர் போல ரகசியமாக வண்டிகளை அனுப்பிப் பார்த்துவிட்டு, தேவையில்லாத வேலைகளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று குற்றம்சாட்டினார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் சர்வீஸ் அட்வைசர்களுக்கு விற்பனையை வைத்துக் கொடுத்த கமிஷனையே நிறுத்தியது. உங்களிடம் பேசிய பையன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய சம்பளம் எதில் தொங்குகிறது என்று தெரிந்துகொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்த முறை ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், "என் அனுமதி இல்லாமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். ஸ்பேர் தனி, லேபர் தனி என்று எஸ்டிமேட் வாட்ஸ்அப்பில் வரட்டும். நீங்கள் ஒப்புக்கொண்டு செய்த வேலைக்குப் பணம் கட்டும் வரை வண்டியை நிறுத்திவைக்க ஒர்க்‌ஷாப்புக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவு உரிமை தருகிறது. வேண்டாம் என்று சொன்ன வேலைக்காக வண்டியைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்ஜினின் வால்வுகளும் பிஸ்டன்களும் நேரம் தவறாமல் சேர்ந்து இயங்க ஒரு செயினோ பெல்ட்டோ இருக்கும். உங்கள் இன்ஜினில் டைமிங் செயின் இல்லாமல் டைமிங் பெல்ட் இருந்தால், மேனுவல் சொல்லும் கெடுவில் அதை மாற்றிவிடுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அந்தச் செலவு இந்த 19,400ஐ விடப் பல மடங்கு.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் பிரேக் பேடு மாற்றியதாக பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். நேற்று டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றியபோது, இது பழைய பேடு, தேய்ந்து கிடக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், ஈரோடு

பதில்: பேடு முழுதும் தேய்ந்திருந்தால் அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். ஆனால் மாற்றுவதற்கு முன் ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் பேடின் கனத்தை அளந்து, தேதி, கிலோமீட்டர், வண்டி எண்ணோடு எழுதி வாங்குங்கள். பேடு சக்கரத்தில் இருக்கும்போதே போட்டோ எடுங்கள். பிறகு சர்வீஸ் மேனேஜருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் பில்லை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

சரியான பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சர்வீஸ் சென்டர் வேறு ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை நீங்கள் கொடுத்த பணத்துக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேடுக்கும் லேபருக்கும் வாங்கிய பணத்தோடு, அலைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள். பழைய பேடைக் கழற்றியதும் கடையிலேயே விட்டுவிடாமல், பில்லோடு ஒரு கவரில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.