ஆறு வயசுல அழுகுணி ஆட்டம், ஆறு வயசுல பொய்: மருத்துவர் பதில்

கோலாலம்பூர் செந்தூல்லேருந்து எழுதின அம்மாவுக்கு,

உங்க ஆறு வயசு மகன் விளையாட்டுல ஏமாத்துறான், பொய் சொல்றான், ஜெயிலுக்குப் போன உங்க தம்பி மாதிரி ஆயிடுவானோன்னு பயந்து எழுதியிருக்கீங்க.

உங்க தம்பி ஜெயிலுக்குப் போனதுக்கும் உங்க மகன் பாம்பு ஏணியில காய நகத்தி வைக்கிறதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லம்மா. நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, ஆனா உங்கள ராத்திரி தூங்க விடாதது "என் தம்பியும் சின்னதுல இப்படித்தான்"ங்கற அந்த ஒரு வரிதான்னு புரியுது, அதனால அதுக்கு முதல் பதில்.

ஆறு வயசுல பொய் சொல்லாத பிள்ளையதான் நான் இன்னும் பாக்கல. "எனக்குத் தெரிஞ்சது அம்மாவுக்குத் தெரியாது"ன்னு ஒரு பிள்ளைக்கு விளங்கினாதான் பொய்யே சொல்ல வரும், அது மூணு நாலு வயசுல வர்ற மூளை வளர்ச்சி. டொராண்டோ பல்கலைக்கழகத்துல காங் லீ இத ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்றார். பொம்மைய பிள்ளையோட முதுகுக்குப் பின்னால வச்சு, திரும்பிப் பாக்காதன்னு சொல்லிட்டு ரூம விட்டு வெளிய போயிடுவாங்க. முக்காவாசிப் பிள்ளைங்க பாத்துடும், நாலு வயசு தாண்டினதுல பெரும்பாலும் "பாக்கல"ன்னும் சொல்லும், அப்புறம் என்ன பொம்மைன்னு கேட்டா சின்னதுங்க பேர சொல்லி மாட்டிக்கும். அமெரிக்காவுல ஹார்ட்ஷோர்ன், மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள சோதிச்சு 1928-லயே எழுதினாங்க, பரீட்சையில பாத்து எழுதுற பிள்ளை விளையாட்டுலயும் ஏமாத்தும்னு சொல்ல முடியல, இடத்துக்கு இடம் மாறுது. பாலர் பள்ளியில ஒரு நாள் பக்கத்துல பாத்து ஸ்பெல்லிங் எழுதினதுக்கு திருடன்னு பேர் வைக்காதீங்க.

இன்டர்நெட்ல "உங்க பிள்ளை சைக்கோவா"ன்னு 20 கேள்வி டெஸ்ட் போட்டுப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு அத மூடிடுங்க. ஆன்லைன்ல வாங்கின அந்த மூளை சிரப்பயும் இன்னைக்கே நிறுத்துங்க, நேர்மைக்கு சிரப் கிடையாது, அதுல என்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது.

இப்ப மூணாவது பக்கத்துல போற போக்குல எழுதினீங்களே, "ஒரு வருஷமா படுக்கையில ஒண்ணுக்குப் போகாதவன் ரெண்டு மாசமா மறுபடி நனைக்கிறான், அப்பா ரோத்தான் (பிரம்பு) எடுத்தா நின்ன இடத்துலயே போயிடுறான்"னு. கடிதம் முழுக்க எனக்கு பயம் தந்தது அதுதான். நின்னுபோன பழக்கம் திரும்ப வந்தா காரணம் தேடியே ஆகணும். பக்கத்து அரசாங்க கிளினிக், கிளினிக் கெசிஹாத்தான்ல 1 ரிங்கிட்தான், மூத்திரம் டெஸ்ட் பண்ணி கிருமி இருக்கா, சக்கரை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, மலச்சிக்கல் இருக்கான்னும் கேட்பாங்க. தண்ணி நிறைய குடிக்கிறான், மெலியிறான்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க, அன்னைக்கே போங்க.

டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னா அடுத்து பாக்க வேண்டியது பயம். ரோத்தான் வீட்டுக்கு வந்ததும் ரெண்டு மாசம் முன்னாலதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்கள வச்சு 2011-ல வந்த ஆராய்ச்சியில, அடிக்கிற ஸ்கூல் பிள்ளைங்கதான் அதிகமா பொய் சொன்னாங்க, மாட்டிக்காமலும் சொன்னாங்க, எட்டிப் பாக்குறது என்னவோ ரெண்டு ஸ்கூல்லயும் ஒண்ணுதான். உங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்ல, நம்ம அப்பாமாரும் அப்படித்தான் வளத்தாங்க, ஆனா அந்தப் பிரம்பு உங்க மகனுக்கு நல்லா பொய் சொல்லத்தான் கத்துக் குடுக்குது. வேற யாராவது அடிக்கிறாங்களா, மிரட்டுறாங்களான்னும் பாருங்க, ஸ்கூல் முடிஞ்சு அவன் இருக்கற பராமரிப்பு வீட்டுலயும் விசாரிங்க. கேள்வி மேல கேள்வி போடாம குளிப்பாட்டும்போது சும்மா பேச்சுக் குடுங்க.

பல்லு தேய்க்கலன்னு தெரிஞ்சுகிட்டே "தேய்ச்சியா"ன்னு கேட்காதீங்க, அந்தக் கேள்விதான் பொய்ய வரவழைக்குது, பிரஷ்ஷ கையில குடுத்து கூட நில்லுங்க. "நீ கெட்டிக்காரன்"னு சொல்றதையும் குறைங்க, அந்தப் பேர காப்பாத்தவே பிள்ளைங்க ஏமாத்துதுன்னு 2017-ல சீனாவுல மூணு, அஞ்சு வயசுப் பிள்ளைங்ககிட்ட பாத்திருக்காங்க. "இந்த தடவ நல்லா செஞ்ச"ன்னு சொன்னா போதும். உண்மைய ஒத்துக்கிட்ட அன்னைக்கு கண்டிப்பா அடி விழக்கூடாது.

கிளினிக்குக்கு அவங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, ரோத்தான் விஷயத்த டாக்டர்கிட்ட மறைக்காம அவரே சொல்லட்டும்.