கேள்வி பதில்: ஊர் விளையாட்டுக் குழுவும் அறக்கட்டளையும்

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கபடியும் கைப்பந்தும் சொல்லித் தருகிறோம். செலவெல்லாம் வசூலில்தான். சங்கமாகப் பதியலாமா, அறக்கட்டளையாகவா? (வாசகர், முசிறி)

பதில்: எல்லோரும் கூடி முடிவெடுக்கிறவர்கள் என்றால் சங்கமே பொருந்தும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். பல ஊர்ச் சங்கங்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் வருடம் உற்சாகமாகத் தாக்கல் செய்வார்கள், அடுத்த வருடம் யாருக்கும் நினைவிருக்காது.

அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இரண்டு அறங்காவலர் போதும். ஒருவர் விலகினால் அடுத்தவரை எப்படிச் சேர்ப்பது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், ஒருவர் துபாய்க்கு வேலைக்குப் போனதும் காசோலையில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கணக்கு முடங்கும்.

இரண்டில் எதுவானாலும், ‘கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குச் சேரும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். வரிவிலக்குக்காக வருமான வரித் துறையில் பதிவு கேட்கும்போது அதைத்தான் தேடுவார்கள். நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் சலுகை (80ஜி என்று சொல்லப்படுவது) கிடைத்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தக் கழிவு கிடையாது. பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: விளையாட்டை வளர்ப்பது வரிச் சட்டத்தில் ‘பொதுப் பயன்’ வகையில் வருகிறது. கட்டணப் பயிற்சி, மைதான வாடகை போன்ற வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கு போய்விடும். ஆகவே நன்கொடைக்கும் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், அவர் நம் தெருவிலேயே பிறந்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவு கேட்க மூன்று ஆண்டு அனுபவமும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். புதுக் குழுவுக்கு அது எட்டாது. தெரிந்தவர்தானே என்று வாங்கிப் போடாதீர்கள், வழக்கு வரை போகும்.

கேள்வி: வாங்கிய கைப்பந்துகள் இரண்டே மாதத்தில் உப்பிவிடுகின்றன. மட்டமான பந்தா? (வாசகர், பல்லடம்)

பதில்: பெரும்பாலும் பந்தின் மேல் குற்றமில்லை, காற்றின் மேல்தான். கைப்பந்துக்கு வேண்டியது 4.26 முதல் 4.61 பிஎஸ்ஐ அழுத்தம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் கண நேரத்தில் அதைப் போல மூன்று மடங்கு ஏறிவிடும். தையலும் ஒட்டும் விட்டுக்கொடுத்து ஒரு பக்கம் புடைக்கும். கைப்பம்பும் சின்ன அழுத்தமானியும் வாங்குங்கள். ஊசியைத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழித்துவிடும், அப்புறம் தினமும் காற்று இறங்கும்.

கேள்வி: கபடிக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடலாமா? பெண் பிள்ளைகளுக்கும் அதே களம் போதுமா? (வாசகி, வடுவூர்)

பதில்: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பிடிபட்ட பிள்ளை கோட்டின் மேல் முகம் குப்புற விழும். வியர்வையோடு சேர்ந்த சுண்ணாம்பு கண்ணைப் புண்ணாக்கும். வெள்ளைக் கல்மாவு, அதாவது கடையில் விற்கும் கோலமாவு போதும். களம் ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10, பெண்களுக்கு 12-க்கு 8. நடுக்கோட்டிலிருந்து பாக் லைன், அதாவது பாடிப் போகிறவர் தாண்டியாக வேண்டிய கோடு, ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். ஆண்கள் களத்திலேயே பழகிய பெண் போட்டிக்குப் போனால், பாடிப் போகும்போது கால் கணக்குத் தவறும். ஒரே மண்ணில் இரண்டு அளவுக்கும் கோடு போடுங்கள்; பெண்கள் கோட்டுக்கு மட்டும் மாவில் காவிப் பொடி கலந்தால் குழப்பம் வராது.