தூண்டில் பக்கம்: கறுப்பு ஜிக் மட்டும் போதுமா?

கேள்வி: என் தங்கை குடும்பம் அமெரிக்காவில், ஓஹையோவில் இருக்கிறது. போன மாதம் வந்தபோது மச்சான் ஒரு சின்ன டப்பா கொடுத்தார். உள்ளே இருபது ஜிக், அதாவது ஈயத்தலை வைத்த முள்ளில் இறகோ நூலோ கட்டிய செயற்கை இரை. எல்லாம் ஒரே கறுப்பு. கண்ணும் வரையவில்லை, மினுக்கும் இல்லை. அங்கே கிராப்பி, புளூகில் மீன்களை இதில்தான் பிடிப்பாராம். என்னோடு மீன் பிடிக்க வரும் நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பச்சையும் ரோசும் பளபளப்பும் இல்லாவிட்டால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது என்கிறார்கள். நம் ஊர்க் குட்டைகளில் இது எடுபடுமா?
(வாசகர், கெப்போங், மலேசியா)

பதில்: எடுபடும் தம்பி. டப்பாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மச்சான் விஷயம் தெரிந்த மனிதர்.

கிராப்பி நம் நாட்டு மீன் இல்லை, வட அமெரிக்க ஏரிகளில் வாழ்வது. கறுப்புக் கிராப்பி, வெள்ளைக் கிராப்பி என்று இரண்டு இனம் உண்டு. புளூகில் அதற்குப் பங்காளி முறை, ஒரே குடும்பம். பொரிக்கிற சட்டியில் முழு மீனாக அடங்கிவிடும் என்பதால் இந்த வகைச் சின்ன மீன்கள் எல்லாவற்றுக்கும் அங்கே பான்ஃபிஷ் என்று பொதுப் பெயர். நம் வாயில் சொன்னால் சட்டி மீன்.

நான் கிராப்பி பிடித்தது 2014 மே மாதம், மிச்சிகனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது. குளிர் விட்டு ஏரித் தண்ணீர் 16, 18 டிகிரிக்கு வந்தால் கிராப்பி முட்டையிடக் கரையோரம் ஏறிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் லைசென்ஸ் எடுக்க உதவி செய்து, ஏரியில் நீட்டிக் கட்டியிருந்த மரத்துறைக்கு என்னை அழைத்துப் போனார். கோலாலம்பூரிலிருந்து ஆசையாய் வாங்கிப்போன பச்சை மினுக்கு ஜிக்கை நான் போட்டேன். அவர் போட்டது வெறும் கறுப்பு. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிற நேரம். அரை மணியில் அவர் ஏழு மீன் எடுத்துவிட்டார், எனக்கு ஒன்று. பிறகு அவரே என் நூலை வாங்கி, பச்சையை வெட்டிவிட்டு, ஒரு கறுப்பைக் கட்டிக் கொடுத்தார். அதே இடம், அதே ஆழம். இருட்டுவதற்குள் நானும் ஐந்து எடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டேன். அவர் இரண்டு ஜிக்கையும் என் தலைக்கு மேலே, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அண்ணாந்து பார்த்தேன். பச்சை மங்கிச் சாம்பலாகத் தெரிந்தது. கறுப்பு மட்டும் ஓரம் வெட்டி வைத்த மாதிரி நின்றது. கிராப்பி கண்ணை மேலே வைத்திருக்கிற மீன். தனக்கு மேலே போவதைப் பார்த்து ஏறி வந்து கடிக்கும், கீழே விழுந்ததைத் தேடி இறங்குவது குறைவு. அது பார்க்கும்போதெல்லாம் ஜிக்குக்குப் பின்னால் வெளிச்சமான வானம்தான் இருக்கிறது. ஆகவே அது பார்ப்பது ஒரு நிழலை. நிழலுக்கு எதற்குச் சாயம்?

இன்னொன்று. தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவுக்கு உள்ளே விடாது. தெளிந்த தண்ணீரில் முதலில் தொலைவது சிவப்பு. சில மீட்டர் ஆழம் போனால் சிவப்பு ஜிக்கும் கறுப்பாகத்தான் தெரியும். தண்ணீர் கலங்கியிருந்தால் எல்லா நிறமும் இன்னும் சீக்கிரம் மங்கிவிடும். கடையில் நாம் காசு கொடுத்து வாங்குகிற பாதி வண்ணம் மீனிடம் போய்ச் சேர்வதே இல்லை. கறுப்பு எந்த ஆழத்திலும் கறுப்பு. அட்டை, தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சிக் குஞ்சு என்று குட்டையில் ஊர்கிற இரைகளில் பாதி கறுப்போ கரும்பழுப்போதான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் தூண்டில் போடுகிற இடம் பலவும் பழைய ஈயக் குட்டைகள், அதாவது வெள்ளீயம் தோண்டிய சுரங்கப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கியவை. சாயங்கால மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், தண்ணீர் தே தாரேக் நிறத்தில், பால் தேநீர் மாதிரி நிற்கும். அந்தத் தண்ணீரில் கறுப்பை நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன். தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்களே, அந்தப் புயு சின்னக் கறுப்பு ஜிக்கை விடவே விடாது. லம்பாம் என்கிற கெண்டை வகையும் கடிக்கும். இரை துரத்துகிற இன்னொரு கெண்டை வகையான செபாராவின் குட்டிகள் ஓடும் தண்ணீரில் துரத்தி வந்து அடிக்கும். திலாப்பியாவை நம்பிப் போகாதீர்கள், அது பெரும்பாலும் பாசி தின்கிற மீன். குழி பறித்துக் காவல் நிற்கும் ஆண் மட்டும் ஜிக்கைக் கண்டால் விரட்ட வந்து மாட்டும்.

உங்கள் நண்பர்கள் சொல்வது முழுப் பிசகும் இல்லை. தெளிந்த தண்ணீர், உச்சி வெயில், பீக்காக் பாஸ் என்று மூன்றும் சேர்ந்தால் பளபளப்புக்கு வேலை உண்டு. அது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன், மின்னுவதைச் சின்ன மீன் என்று நினைத்துப் பாயும். அந்த நேரத்துக்கு அவர்கள் டப்பா, விடியலுக்கும் அந்திக்கும் கலங்கலுக்கும் உங்கள் டப்பா. நம் ஊரில் ஏழு மணியை ஒட்டித்தான் வெளுக்கிறது. ஆறே முக்காலுக்குக் கரையில் இருங்கள்.

நிறத்தைவிட முக்கியமானது கனம். டப்பாவின் மேல் 1/32 அவுன்ஸ் என்று இருந்தால் ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, 1/16 என்றால் ஏறக்குறைய 1.8 கிராம். முதலில் 1/32-ஐக் கட்டுங்கள். 4 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூஸ் நூல் போதும். அதைவிடத் தடித்த நூலில் இவ்வளவு லேசான ஜிக்கை வீசினால் காலடியிலேயே விழும். அரை மீட்டர் மேலே ஒரு சின்னத் தக்கை போட்டு, மூழ்கிய மரக்கிளைக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி வீசுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். பத்து விநாடி கழித்து ஒரு சின்ன அசைவு, மறுபடி சும்மா. எனக்குக் கடித்த மீன்களில் பெரும்பாலானவை ஜிக் நின்றிருந்தபோது கடித்தவைதான். பலர் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கையின் அவசரத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

முடிச்சையும் கவனியுங்கள். ஜிக்கின் வளையம் தலைக்கு மேலே இருக்கும். முடிச்சு அந்த வளையத்தின் உச்சியில் நின்றால் ஜிக் படுத்த வாக்கில், நீந்துகிற மீன் மாதிரி தொங்கும். நாலு தடவை வீசியதும் முடிச்சு நழுவி முன்பக்கம் வந்துவிடும், ஜிக் செங்குத்தாகிவிடும். ஒவ்வொரு மீன் எடுத்த பிறகும் நகத்தால் முடிச்சைத் தள்ளி மேலே வையுங்கள். ஒரு விநாடி வேலை.

கேள்வி: வீட்டிலேயே கறுப்பு ஜிக் கட்ட முடியுமா? கடையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) குறைந்து கிடைப்பதில்லை.
(வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: தாராளமாக முடியும். வெறும் ஈயத்தலை முள் மட்டும் பாக்கெட்டாக வாங்குங்கள், 8-ம் நம்பர் முள் நல்லது. வாய் சின்னதாக உள்ள மீனுக்கு 10. அமெரிக்காவில் வான்கோழியின் மெத்தென்ற இறகைக் கறுப்புச் சாயம் போட்டுக் கட்டுகிறார்கள், மாராபூ என்று பெயர். நான் கட்டுவது என் மனைவியின் பின்னல் கூடையில் மிஞ்சிய கறுப்புக் கம்பளி நூலில். இரண்டு அங்குலம் வெட்டி, பழைய பல்துலக்கியால் சீவுங்கள். முறுக்கு பிரிந்து புகை மாதிரி ஆகும். முள்ளை இடுக்கியில் பிடித்து, கறுப்புத் தையல் நூலை ஈயத்துக்குப் பின்னால் பத்துச் சுற்று சுற்றி, புகையை அதன்மேல் வைத்து இன்னும் பதினைந்து சுற்று. முடிச்சு, ஒரு துளி நகப்பூச்சு. வால் முள்ளின் வளைவைத் தாண்டி ஒரு விரற்கடைக்கு மேல் போக வேண்டாம். நீளமாக விட்டால் மீன் வாலைக் கடித்து இழுத்துவிட்டுப் போய்விடும், உங்களுக்குத் தக்கை ஆடியது மட்டும்தான் மிச்சம்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். வால் ஒட்டிக்கொண்டு குச்சி மாதிரி நின்றால் நூல் அதிகம், பாதியை வெட்டி எடுத்துவிடுங்கள். அசைக்காமலே மெல்ல விரிந்து சுருங்கினால் சரி.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் பக்கத்தை வாசித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்து ஈயக் குட்டைக்கு நண்பர்களோடு போகட்டுமா என்று தினமும் கேட்கிறான். அனுப்பலாமா ஐயா?
(ஒரு தாய், பூச்சோங்)

பதில்: தனியாக வேண்டாம் அம்மா. பையன்களாகச் சேர்ந்து போவதும் எனக்குத் தனியாகப் போவது மாதிரிதான். ஈயக் குட்டை இயற்கைக் குளம் மாதிரி மெல்லச் சரியாது. தோண்டி எடுத்த பள்ளம் அது. கரையிலிருந்து இரண்டு அடி முழங்கால் தண்ணீர், மூன்றாவது அடியில் ஆளை முழுங்கும் ஆழம். கரை மணலும் உறுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு குட்டையில், காய்ந்த தரை என்று நம்பிக் கால் வைத்தேன். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. தொடை வரை இறங்கிவிட்டது. கூட வந்தவர் தூண்டில் கழியை நீட்டி இழுத்ததால் வந்தேன், செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அன்றைக்கு நான் தனியாகப் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டபாடில்லை.

பையனின் ஆசையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் கட்டண மீன்குளம் இருந்தால், வீட்டில் பெரியவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்துப் போகட்டும். மிதவைச் சட்டை கட்டாயம். தக்கையும் கறுப்பு ஜிக்கும் போட்டுக் கொடுங்கள். முள்ளின் செதிலை, அதாவது முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கொக்கியை, குறடால் நசுக்கித் தட்டையாக்கிக் கொடுங்கள். அவன் விரலில் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும், மீன் வாயிலிருந்தும் அப்படியே. மீன் சில நேரம் தப்பும். தப்பட்டும், அவனுக்கு நிறைய ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதல் மீன் எடுத்ததும் எழுதச் சொல்லுங்கள், என்ன மீன், எத்தனை மணிக்கு என்று. காத்திருப்பேன்.