மேல் என்றால் எது? – கடிதம்

அன்புள்ள சார்,

பாம்பன் பக்கத்து ஊர் எனக்கு. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி, இப்போது நர்சிங் முதலாமாண்டு. அனாட்டமி வகுப்பில் முதல் வாரமே ஆன்டீரியர், போஸ்டீரியர், மீடியல், லேட்டரல், ப்ராக்ஸிமல், டிஸ்டல் என்று ஒரே மூச்சில் எழுதிப்போட்டார்கள். முன்னே, பின்னே, மேலே, கீழே என்று நமக்குச் சொல் இல்லையா? போன மாதம் அப்பாவுக்குத் திருக்கை முள் குத்திவிட்டது. ‘கால்ல குத்திருச்சு’ என்றதும் எல்லாருக்கும் புரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ரைட் லெக், டிஸ்டல் தேர்ட், மீடியல்’ என்று எழுதியதுதான் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழி உண்டா? என் பெயர் வேண்டாம் சார்.

அன்புள்ள மாணவிக்கு,

அப்பாவின் கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். எழுத வருவதற்கு முன் பல வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

‘கால்ல குத்திருச்சு’ எனக்குப் புரியவில்லை. நம் பேச்சில் கால் என்பது இடுப்பில் தொடங்கிப் பெருவிரலில் முடிகிறது. அனாட்டமியில் லெக் என்றால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்டது மட்டும். தொடை அதில் சேராது, பாதமும் சேராது. ஆர்ம் என்பதும் அப்படித்தான், தோளிலிருந்து முழங்கைவரை. அதற்குக் கீழே வேறு பெயர்.

‘மேல்’ என்ற சொல்லைப் பாருங்கள். நம் ஊரில் மேல வீடு என்றால் மேற்கே உள்ள வீடு. மேலுக்கு முடியவில்லை என்றால் உடம்பு சரியில்லை. மேல் கழுவிவிட்டு வா என்றால் குளித்துவிட்டு வா. கீழக்கரை எதற்கும் அடியில் இல்லை, கிழக்கில் இருக்கிறது. இத்தனை வேலை பார்க்கும் சொல்லை நோயாளியின் சீட்டில் எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? நம் சொல்லில் குறை இல்லை. எங்கே நின்று பேசுகிறோம் என்ற ஒப்பந்தம்தான் அதில் இல்லை.

அந்த ஒப்பந்தம் இதுதான்: ஆள் நேராக நிற்கிறார், முகமும் பாதமும் முன்னோக்கி, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கை முன்னால் திரும்பி. நோயாளி கட்டிலில் குப்புறக் கிடந்தாலும் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டே பேச வேண்டும். முதுகு கூரையைப் பார்த்தாலும் அது போஸ்டீரியர்தான். உள்ளங்கை முன்னால் திரும்பியிருப்பதால் கட்டைவிரல் வெளிப்பக்கம் போய்விடுகிறது, ஆகவே லேட்டரல். காலின் பெருவிரலோ உட்பக்கம், மீடியல். இதைப் பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள்.

இது உங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பாவிடம் இரண்டு வகைத் திசை இருக்கிறது. வடகடல், தென்கடல் என்பவை ஒரு வகை. அவர் எங்கே நின்றாலும் பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். படகின் முன்முனையான அணியம் இன்னொரு வகை. வள்ளம் எந்தப் பக்கம் திரும்பினாலும், கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டாலும், அணியம் அணியம்தான். உடம்பின் திசைச்சொற்கள் இந்த இரண்டாவது வகை.

இடது வலதும் நோயாளியுடையவை, பார்ப்பவருடையவை அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முழங்கால் படத்தில், இடதா வலதா என்று காட்டும் ஈய எழுத்தை நான் மாற்றி வைத்துவிட்டேன். நோயாளி எனக்கு எதிரே நின்றார், என் இடது கையை நினைத்து ‘எல்’ வைத்தேன். வீங்கிய காலை டாக்டர் நேரில் பார்த்ததால் தப்பித்தேன். மார்புப் படத்தையும் நோயாளி உங்களை நேருக்கு நேர் பார்ப்பதுபோலத்தான் மாட்டுவார்கள். அவருடைய இடப்பக்கம் சாய்ந்த இதயம் உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும்.

ப்ராக்ஸிமல், டிஸ்டல் இரண்டுக்கும் தமிழில் அண்மை, சேய்மை என்று எழுதுகிறார்கள். பள்ளி இலக்கணத்தில் படித்த அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டேதான். ஒரே வித்தியாசம், அங்கே பேசுபவருக்குப் பக்கம், இங்கே கைகால் உடம்போடு சேரும் மூட்டுக்குப் பக்கம். மணிக்கட்டு முழங்கையைப் பார்க்க டிஸ்டல், விரலைப் பார்க்க ப்ராக்ஸிமல்.

எலும்பு, தசைப் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு முன் பொருளைக் கேளுங்கள், பாதி பாரம் இறங்கிவிடும். மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு, பாதத்தில் உள்ள நேவிகுலர் இரண்டுமே படகுதான், ஒன்று கிரேக்கப் படகு, மற்றது லத்தீன் படகு. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள மேட்டுக்கு கேரைனா என்று பெயர். லத்தீனில் அது வள்ளத்தின் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் மரம். தசையைச் சுண்டெலி என்றான் லத்தீன்காரன், மசில் என்ற சொல் அதிலிருந்து வந்தது. நாம் கெண்டைக்காலில் மீனைப் பார்த்தோம். எனக்கு நம்முடையதே பிடித்திருக்கிறது.

தமிழால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வடகடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அனாட்டமிக்கு அங்காதிபாதம் என்று பெயர். தெய்வத்தைப் பாதாதிகேசமாகவும் மனிதரைக் கேசாதிபாதமாகவும் பாடிய மொழிக்கு எவ்வளவு பாந்தமான சொல்!

ஆனாலும் வகுப்பில் சொன்ன சொற்களைப் படித்துத்தான் ஆகவேண்டும். 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடற்கூற்று அறிஞர்கள் கூடிப் பெயர்ப் பட்டியலை ஒழுங்குபடுத்துவதற்கு முன், ஐரோப்பாவிலேயே ஒரே உறுப்புக்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தது. ராமநாதபுரத்தில் எழுதும் சீட்டை நாளை மதுரையிலோ சண்டிகரிலோ ஒருவர் படிக்க வேண்டியிருக்கும். அவருக்கு அந்தச் சொல், அப்பாவுக்கு நம் சொல். நர்ஸுக்கு இரண்டும் வேண்டும்.

அந்தச் சீட்டு சொல்வது இதுதான்: வலது காலில், முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ளதை மூன்றாகப் பிரித்தால் கணுவை ஒட்டிய பங்கில், உட்பக்கம். அப்பாவிடம் வாசித்துக் காட்டி, தழும்பு அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.