நாள்கணக்கில் ஆடி விழுந்து, பத்து நாள் பஞ்சில் வைத்த பால்பல்லில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) இருக்குமா? சேமிப்பு நிலையத்துக்கு அனுப்பலாமா?

இருக்காது. அந்தப் பல்லை அனுப்பாதீர்கள், பணம்தான் வீண். சேமிக்கப்படுவது பல் அல்ல, அதற்குள் இருக்கும் பல்கூழின் (பல்லின் நடுவே உள்ள மென்சதையின்) உயிருள்ள செல்கள். பஞ்சில் காய்ந்த பல்லில் அவை எப்போதோ செத்திருக்கும்.

பஞ்சில் வைப்பதற்கு முன்பே செத்திருக்கவும் வாய்ப்புண்டு. பல் நாள்கணக்கில் ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தது என்கிறீர்கள். நிரந்தரப் பல் மேலெழும்போது பால்பல்லின் வேர் கரையும். கடைசியில் ரத்த ஓட்டமும் அறுந்துவிடும்.

இப்போதே பல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழிக்குள் சிவந்த சதைத் துணுக்கு இல்லாமல் வெறும் கூடாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த பல்லுக்கு:

1. வெட்டுப்பல் அல்லது கோரைப்பல், வேரில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சமிருக்கும்போது, பல் மருத்துவரே எடுக்கட்டும். சொத்தையோ சீழோ கண்ட பல் வேண்டாம்.
2. சேமிப்பு நிலையம் தரும் திரவக் குப்பியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பல் திடீரென்று விழுந்துவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். வெறும் தண்ணீரில் செல்கள் ஊதி வெடிக்கும்.
3. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், சுமார் 4 டிகிரியில் வைக்கலாம். ஃப்ரீசர் கூடவே கூடாது, பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். ஆய்வகத்தில் உறைய வைப்பது பாதுகாப்புத் திரவம் சேர்த்து, மெதுவாக.

பணம் கட்டுமுன் ஒன்று. பால்பல்லின் ஸ்டெம் செல்கள் 2003-இல்தான் முதலில் விவரிக்கப்பட்டன. அடிபட்ட முன்பற்களில் கூழை மீண்டும் வளர்த்த சீன மருத்துவப் பரிசோதனை 2018-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. 'எல்லா நோய்க்கும் காப்பீடு' என்று விற்றால் நம்பாதீர்கள். தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை: பிற்காலத்தில் எடுக்கும் ஞானப்பல்லின் கூழிலும் ஸ்டெம் செல் உண்டு.