குலானை மறந்துவிட்டுக் கப்பலேறுங்கள்

வணக்கம் ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் மகள் டிக்கெட் எடுத்திருக்கிறாள். கரை சேராத நாட்களில் காலை பத்து மணிக்கு ‘பிரிட்ஜ்: தொடக்க வகுப்பு’ என்று நிரலில் போட்டிருக்கிறது, சீட்டாட்டம்தான். கல்யாண வீடுகளில் விடிய விடிய ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டம் ஆடியவர்கள் நாங்கள். அது இதற்கு உதவுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உதவும். முதல் நாள் காலை வாருவதும் அதுவேதான்.

துருப்பு, எதிரே உட்காரும் கூட்டாளி, ஏலம், இறங்கிய இனத்தையே (இஸ்பேட், ஆட்டின் போன்ற சீட்டு வகை) போடுவது என்று பாதி ஆட்டம் உங்களுக்குத் தெரிந்தது. சிக்கல் குலானில், அதாவது ஜாக் சீட்டில். இருபத்தெட்டில் குலான் 3, ஒன்பது 2, ஏஸும் பத்தும் தலா 1. ஆகப் பெரிய சீட்டும் குலான்தான். பிரிட்ஜில் ஏஸ், ராஜா, ராணி, குலான், பத்து என்று வரிசை இறங்கும். இது சீக்கிரம் பழகிவிடும். பழகாதது வேறு. இருபத்தெட்டில் பிடிக்குள், அதாவது ஒரு சுற்றில் ஆளுக்கொன்றாக விழும் நாலு சீட்டுக்குள், என்ன விழுந்தது என்பதே கணக்கு. கூட்டாளி பிடிப்பார் என்று தெரிந்தால் ஏஸையும் பத்தையும் உள்ளே தள்ளுவோம். பிரிட்ஜில் 13 பிடிக்கும் ஒரே விலை. கூட்டாளியின் ராஜா மேல் உங்கள் ஏஸைப் போட்டால், இரண்டு பிடி வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வரும்.

புள்ளி இங்கேயும் உண்டு: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, குலான் 1, மொத்தம் 40. அது கையின் பலத்தை எடைபோடும் படிக்கல். சீட்டு இறங்கிய பிறகு அதற்கு வேலையில்லை. 12, 13 இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம். ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்ட வேண்டும்: ‘1 இஸ்பேட்’ என்றால் 7 பிடி, 4 என்றால் 10. இருபத்தெட்டில் ஏலத்தைப் பதினாலில் தொடங்கிப் பழகிய வாய்க்கு ஒன்று என்பது அற்பமாகத் தோன்றும், கவனம்.

துருப்பைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் இல்லை. ஏலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஏலம் எடுத்தவரின் இடப்பக்கத்துக்காரர் முதல் சீட்டை இறக்கியதும், எடுத்தவரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிட்டுச் சும்மா உட்காருவார். டம்மி என்று பெயர். கல்யாண வீட்டில் கண்ஜாடைக்குச் சிரிப்பார்கள். இங்கே அது கள்ளாட்டம்.

துருப்பு எண்ணுவதும் மாறும். அங்கே இனத்துக்கு 8, இங்கே 13. உங்களிடமும் டம்மியிடமும் சேர்ந்து 8 இருந்தால் வெளியே 5. நூற்றுக்கு 68 தடவை அது 3–2 என்றே பிரிந்திருக்கும். மூன்று சுற்றில் தீரும். எண்ணாமல் நான்காவதும் இறக்கினால், வெட்டுவதற்கு வைத்திருந்த சொந்தத் துருப்புதான் வீண்.

கிளம்புமுன் நாலு பேர் உட்கார்ந்து மினிபிரிட்ஜ், அதாவது ஏலம் இல்லாத எளிய பிரிட்ஜ், ஆடிப் பாருங்கள். ஒதுக்கிப்போட்ட சிறு சீட்டுகளையும் சேர்த்து 52, கடிகாரச் சுற்றில் ஆளுக்கு 13. ஒவ்வொருவரும் தன் புள்ளியைச் சொல்ல வேண்டும். கூட்டினால் 40 வரவில்லையா, யாரோ குலானுக்கு 3 போட்டிருக்கிறார். எந்த ஜோடிக்குப் புள்ளி அதிகமோ, அதில் கூடுதலாக வைத்திருப்பவர் ஆடுவார். கூட்டாளி சீட்டை விரித்ததும், இருவரிடமும் சேர்ந்து குறைந்தது எட்டு சீட்டு இருக்கும் இனத்தைத் துருப்பாக்கலாம். 20–20 வந்தால் மறுபடி கலைத்துப் போடுங்கள்.

கப்பலில் கற்பது பொருத்தம்தான். இன்றைய பிரிட்ஜின் புள்ளி முறையை அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் பனாமா கால்வாய் வழியே போன ‘ஃபின்லாந்து’ கப்பலில்தான் ஆடிப் பார்த்தார். அதே நிரலில் சூதாட்ட அறையின் இலவச பிளாக்ஜாக் வகுப்பும் இருக்கலாம். பாடம்தான் இலவசம், மேசை அல்ல.

முதல் வகுப்பைத் தவறவிடாதீர்கள். அடுத்தது அதன் மேல்தான் நிற்கும். மேசைக்கு நாலு பேர் சேர வேண்டும் என்பதால் கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். அப்புறம், நீங்களும் வீட்டுக்காரரும் முதல் இரண்டு நாள் ஒரே ஜோடியாக உட்கார வேண்டாம். இருபத்தெட்டு ஜாடை அவ்வளவு லேசில் போகாது.